வாங்கிக்கொண்டார் கனகசுந்தரம்

சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு, அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு மட்டும் அனுப்பாத ஓர் இனம் நம் பினாங்கில் செழிப்பாக வாழ்கிறது, வாசகரே. இவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். தலை நன்றாக ஆடும். கோயில் கூட்டம் சனிக்கிழமைக்கு மாறியதையும், மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதையும் மிகுந்த அக்கறையோடு கேட்டு, "ஓகே லா, சொல்லிடுறேன்" என்று வாக்களித்து, அங்கேயே அந்தச் செய்தியின் கதையை முடித்துவிடுவார்கள். பிறகு கேட்டால், "எனக்குத் தெரியுமே" என்பார்கள். உங்களுக்குத் தெரியாதென்று யார் சொன்னது?

இந்த இனத்தில் தலைசிறந்தவர் கனகசுந்தரம். தொண்ணூற்று நாலில் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு சிறிய கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். ஆயர் ஈத்தாமில் இருந்த கிளினிக் ஒன்றுக்கு நோயாளிப் பதிவேடு தயாரானது. எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான பகுதியை, அவர்கள் பாஷையில் பேஸ் கிளாஸை, உடன் வேலை பார்த்த சற்குணம் என்ற பெண் எழுதினார். அதன்மேல் நிற்கும் சர்க்கரை நோயாளிப் பகுதி கனகசுந்தரத்தின் பொறுப்பு. புதிய பதிவு உருவாகும்போது இவருடைய பகுதி பெயர், அலர்ஜி, சர்க்கரை அளவு மூன்றையும் வாங்கி, முதல் இரண்டையும் பேஸ் கிளாஸிடம் ஒப்படைக்க வேண்டும். அலர்ஜி வந்து சேராவிட்டால் பேஸ் கிளாஸ் தானாகவே "இல்லை" என்று போட்டுக்கொள்ளும்.

இவர் மூன்றையும் வாங்கினார். பெயரை மட்டும் கொடுத்தார். கம்ப்யூட்டரும் ஏனென்று கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, காலில் புண்ணோடு சர்க்கரை நோயாளி யோகம்மா கிளினிக்குக்கு வந்தார். திரையில் "அலர்ஜி: இல்லை" என்றிருந்ததைப் பார்த்து டாக்டர் பென்சிலின் ஊசி எழுதினார். நர்ஸ் ஜூலியானா மருந்தை ஊசிக்குள் ஏற்றிவிட்டு, அலர்ஜி ஏதும் உண்டா என்று பழக்கதோஷத்தில் ஒரு தடவை கேட்டாள்.

"போன மாசம் உன்கிட்டதானேம்மா சொன்னேன், பென்சிலின் ஒத்துக்காதுன்னு? நீயும் கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டியே" என்றார் யோகம்மா.

ஜூலியானா ஊசியைத் தட்டில் வைத்தாள்.

பதிவு செய்தவள் அவள் என்பதால் பழியும் அவள்மேல் விழுந்தது. எழுத்தில் விளக்கம் கொடுக்கும்படி டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் பிடித்து வந்த கனகசுந்தரமும் திரையைப் பார்த்து, டைப் பண்ணும்போது விட்டுப்போயிருக்கும் என்று அனுதாபத்தோடு தீர்ப்பளித்தார். ஜூலியானா வாதாடவில்லை. மற்ற சர்க்கரை நோயாளிகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். முப்பத்தொரு பேர். ஒருவருக்கும் அலர்ஜி இல்லையாம்.

"எல்லாருக்குமா விட்டுப்போயிருக்கும், அண்ணே?"

கம்பெனிக்குத் திரும்பியதும் சற்குணம் கனகசுந்தரம் எழுதிய பகுதியைத் திறந்து ஒரு வரியில் விரல் வைத்தார்.

"அலர்ஜி உங்ககிட்ட வந்திருக்கு. நீங்க ஏன் பேஸுக்குக் குடுக்கல?"

"நான்தான் வாங்கிட்டேனே. தானா போயிடும்னு நெனச்சேன்."

ஒரே ஒரு சொல்லைச் சேர்த்ததும் கோளாறு சரியாயிற்று. தொலைந்த அலர்ஜி விவரங்களைப் பழைய நோயாளி அட்டைகளைப் பார்த்து ஜூலியானாதான் மறுபடி ஏற்றினாள், இரண்டு நாள். தப்பு அந்தப் பெண்ணுடையதல்ல என்று டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார் சற்குணம். கனகசுந்தரம் உருக்கமாகத் தலையாட்டினார்.

மூன்று வாரம் போயிற்று. கிளினிக்கிலிருந்து ஜூலியானா போன் செய்து, வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்கிறார்கள் என்றாள். சற்குணம் பக்கத்து மேசையைப் பார்த்தார். கனகசுந்தரம் நிதானமாக, "தெரியும். சொல்லணும்னு மனசிலேயே இருக்கு" என்றார். சற்குணம் கைப்பையை எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் பஸ் ஏறினார். அன்று மாலைக்குள் ஜூலியானாவின் வேலை தப்பியது. டாக்டர் அவளிடம் மன்னிப்பும் கேட்டார்.

கனகசுந்தரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? பதவி உயர்வு. பத்துப் பேர் இன்று அவரிடம்தான் எல்லாவற்றையும் சொல்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று பசாரில் உங்களை நிறுத்தி, வீட்டில் அக்காவிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்று ஒருவர் ஏதோ சொன்னாரே, நீங்களும் தலையாட்டினீர்களே. அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா?