பிரபு மூச்சு வாங்கும் இடம்

அரண்மனை இசையமைப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. வெல்வெட் கோட்டு, மாவு தூவிய பொய்முடி, கக்கத்தில் சுருட்டிய தாள், முகத்தில் எந்நேரமும் ‘உத்தரவு’ என்கிற களை. எங்கள் ஜெர்மன் சீமையில் அரை நாள் வண்டிப் பயணத்துக்கு ஓர் அரண்மனை. அரண்மனைக்கு இவர் ஒருவர். நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள்? காலை பத்து மணிக்கு முன்னறையில், தலைமைச் சமையல்காரருக்கும் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இன்றைக்கு என்ன இசை வேண்டும் என்று கேட்பாரே, அவரேதான். சமையல்காரருக்குத்தான் முதலில் பதில் கிடைக்கும்.

எங்கள் ஹோல்ட்ஸ்பெர்க் அரண்மனையில் அவர் பெயர் மத்தியாஸ் ட்ரெக்ஸ்லர். பதினெட்டு வருஷத்தில் தொண்ணூற்று நாலு படைப்புகள் எழுதித் தள்ளியவர். அத்தனையிலும் புல்லாங்குழல். ஏன்? பிரபு எபர்ஹார்ட் வாசிப்பது புல்லாங்குழல். அத்தனையும் டி மேஜர் என்கிற ஒரே ஸ்வர வரிசையில். ஏன்? பிரபுவின் விரலுக்குப் பிடிபட்டது அது ஒன்றுதான். நாலு தாள வட்டத்துக்கு ஒரு முறை எல்லா வாத்தியங்களும் சற்றே நிற்கும். பிரபு மூச்சு வாங்கிக்கொள்வார். குழல் பிசிறடிக்கும் என்று தெரிந்த மேல் ஸ்தாயியில் இரண்டு கொம்புகள் காது கிழிய ஊதும். எதற்கு ஊதுகிறோம் என்று கொம்புக்காரர்களுக்குத் தெரியும், பிரபுவுக்கு மட்டும் தெரியாது. வெளியூர்க்காரர்களிடம் இதையெல்லாம் தொழில் நுணுக்கம் என்று ட்ரெக்ஸ்லர் சொல்லிக்கொள்வார். வீட்டில் உண்மை பேசுவார்.

“ஊருக்கு நான் இசையமைப்பாளன். உண்மையில அவர் மூச்சுக்குக் காவல்காரன். அவர் இருமினா நான் எழுதினதுல நாலு வரியை அடிக்கணும்” என்பார் மனைவி ரெஜினாவிடம்.

“அடிச்சுட்டு வந்து சாப்பிடுங்க, ஆறிப்போகுது” என்று அவள் முட்டைக்கோசைத் தட்டில் தள்ளுவாள்.

சிரித்துக்கொண்டுதான் சாப்பிடுவார். ஆனாலும் ஓர் ஆசை மனுஷனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. புல்லாங்குழல் இல்லாமல் ஒரு சிம்பொனி, அதுவும் சோகமும் ஆவேசமும் ததும்புகிற சி மைனரில், ஒரே ஒரு சிம்பொனி எழுத வேண்டும். அது லைப்சிக் நகரத்தில் அச்சாக வேண்டும். மேலட்டையில் பிரபுவின் பெயர் யானை அளவுக்கும் தன் பெயர் எறும்பு அளவுக்கும் இல்லாமல், தன் பெயர் மட்டும் தனியாக நிற்க வேண்டும். வயதோ ஐம்பத்திரண்டு. இனி எப்போது?

வேளை வந்தது. பிரபுவுக்குக் கால் வீங்கி, வைத்தியர் சொன்னபடி வெந்நீர் ஊற்றில் குளிக்க ஆறு வாரம் கிளம்பிவிட்டார். ட்ரெக்ஸ்லர் சோறு தண்ணீர் மறந்து எழுதினார். நிறுத்தமே கிடையாது, மூச்சு வாங்க ஓர் இடம் கிடையாது, அடித்துக்கொண்டு ஓடுகிற இசை. லைப்சிக் பதிப்பாளர் நாட்லருக்குக் கடிதம் போட்டு வரவழைத்தும் விட்டார்.

நாட்லர் வந்த அன்று மத்தியானம் பெரிய கூடத்தில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்தோம். ஒத்திகையா? அரண்மனையில் ஒத்திகை ஏது! தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதுதான் எங்கள் பெருமை. நாலு வட்டம் பிரமாதமாக ஓடியது. பிறகு நின்றோம். எல்லோருமேதான். தாளில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இதைச் சொல்கிறவன் அந்தக் குழுவில் இரண்டாவது வயோலா, அதாவது வயலினைவிடச் சற்றே பெரிய, யார் காதிலும் தனியாக விழாத வாத்தியம். அவனும் நின்றான், வழக்கம்போல யாரும் கவனிக்கவில்லை. அடுத்த நாலு வட்டம், மறுபடி நின்றோம். ‘மென்மையாக’ என்று எழுதியிருந்த மேல் ஸ்தாயியில் கொம்புகள் காதைக் கிழித்தன.

ட்ரெக்ஸ்லருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் வயலின் ஹூபிங்கரை எரித்துவிடுவதுபோல் முறைத்தார். ஹூபிங்கர் வில்லின் நுனியால் ட்ரெக்ஸ்லரையே காட்டினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தான் வாசித்துக்கொண்டிருந்த ஹார்ப்சிகார்டின், அந்தப் பழைய பியானோப் பெட்டியின், கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டு, பிரபுவின் காலி நாற்காலியைப் பார்த்துப் பணிவாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது அவரேதான்.

நாட்லர் மரியாதை தெரிந்தவர்.

“நல்லாத்தான் இருக்குங்க. ஆனா வர வேண்டியவர் யாரோ வராத மாதிரி ஒரு குறை. புல்லாங்குழலைச் சேர்த்துக் குடுங்க, பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

“பதினெட்டு வருஷம் எழுதினேனே ரெஜினா, நாலு வட்டம்கூட எனக்குன்னு சொந்தமில்ல” என்று ட்ரெக்ஸ்லர் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க அவளுக்குத்தான் அழுகை வந்தது. மறுநாளே உட்கார்ந்து சிம்பொனி முழுவதையும் டி மேஜருக்கு மாற்றினார், புல்லாங்குழலைச் சேர்த்தார், நாலு வட்டத்துக்கு ஒரு நிறுத்தத்தை மையாலேயே எழுதியும் வைத்தார்.

பிரபு கால் குணமாகித் திரும்பி வந்து, வந்த வாரமே அதை வாசிக்க உட்கார்ந்தார். நாலாவது வட்டம் முடிந்தது. நாங்கள் நின்றோம். பிரபு நிற்கவில்லை! குழல் தன்பாட்டுக்குத் தனியே இரண்டு வட்டம் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

“என்ன ஓய், ஏன் நிறுத்துறீர்?”

பிரபு மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் என்று ட்ரெக்ஸ்லர் மென்று விழுங்கினார்.

“எனக்கா? உம்ம ஆளுங்க களைச்சுப் போறாங்க, பாவம்னுல்ல இத்தனை வருஷமா நான் சும்மா உக்காந்திருந்தேன்! ஊற்றுக்கரையில ஒரு குழுவோட வாசிச்சேன். அவங்க நிறுத்தவும் இல்ல, என் உயிர் போகவும் இல்ல.”

பிரபு நல்ல மனுஷர். எழுந்து வந்து ட்ரெக்ஸ்லரின் தோளில் கை வைத்தார்.

“உம்மை ரொம்ப நாளா நான் கட்டிப்போட்டிருக்கேன் போலிருக்கு. இந்தக் குழலும் வேணாம், ஒண்ணும் வேணாம். உம்ம இஷ்டத்துக்கு ஒண்ணு எழுதும். உம்ம பேர்லயே அச்சாகட்டும், நாட்லர் வந்துட்டுப் போனதாக் கேள்விப்பட்டேன், அவருக்கு நானே எழுதறேன்.”

ட்ரெக்ஸ்லர் ஆசைப்பட்டது கைக்கே வந்துவிட்டது. நாங்கள் பதினெட்டுப் பேரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் இடுப்பு தானாக வளைந்தது.

“உத்தரவு பிரபு. என் இஷ்டம் எப்படி இருக்கணும்னு மட்டும் பிரபு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்படியே எழுதிடறேன்.”

பிரபு அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“அப்போ டி மேஜர்லயே இருக்கட்டும்” என்றார்.

சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். இரண்டாவது வயோலாவும் சிரித்தான், முதல் வயோலா சிரித்து முடித்த பிறகு. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிரிப்பதற்கு முன்னால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டீர்களா? பார்த்திருந்தால் வாருங்கள், எங்கள் குழுவில் மூன்றாவது வயோலாவுக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது.