முழங்கைத் தேய்மானம்

மெக்கானிக் கராபெத் ஜீப்பின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். மூடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"என்ன கராபெத்?" என்றார் தைசீர்.

"இஞ்சின் இல்ல, அபூ ராகான்." மூத்த மகன் ராகான் பெயரைச் சேர்த்துத்தான் தைசீரை ஊரில் கூப்பிடுவார்கள்.

"ரிப்பேரா?"

"ரிப்பேர் ஆகணும்னா இருக்கணும். இது இல்லவே இல்ல."

"யாராவது கழட்டி வித்திருப்பாங்க."

"கழட்டியிருந்தா எண்ணெய்க் கறை இருக்கும். போல்ட் ஓட்டையில திருகின தடம் இருக்கும். இங்க ரெண்டு கோழி முட்டைதான் இருக்கு." கராபெத் கையை உள்ளே விட்டார். "ஒண்ணு இன்னும் சூடா இருக்கு."

தைசீர் முப்பது வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். இஞ்சின் இல்லாமல் ஒரு ராணுவ ஜீப் எப்படி வெள்ளம் போன ஓடையைத் தாண்டியிருக்கும் என்பது பூகோளத்தில் வராத கேள்வி. ஆனால் தாண்டியிருக்கிறது. தாண்டியவர் அவருடைய தகப்பனார் த்யாப். பாலைவனக் காவல் படையில் அதிகாரிக்கு ஜீப் ஓட்டிய த்யாப், பெருவெள்ளத்தில் அதிகாரியை உட்கார வைத்தபடியே அக்கரை சேர்த்த கதையை ஒவ்வொரு பெருநாளுக்கும் சொல்வார். முதலில் வெள்ளம் முழங்கால் அளவு இருந்தது. அவர் காலமான வருஷத்தில் அதிகாரியின் கழுத்துக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று த்யாப் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய அந்தச் சுவத்துல மாட்டிடுடா" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சுவர், கரக் ஊரில் அவர்கள் குடும்ப மண்டபத்தின் சுவர். படையில் இருந்த முன்னோர்கள் பத்துப் பேரின் படங்கள் அங்கே வரிசையாக மாட்டியிருந்தன. நடுவில் பெரிய சட்டத்தில், குடும்பப் பெரியவர் மிஸ்லிஹின் தகப்பனார். எல்லாருமே இடுப்புக்கு மேல்தான் தெரிவார்கள். எல்லாருமே ஒரு வண்டியின் மட்கார்டில் வலது முழங்கையை ஊன்றித் தூரத்தில் எதையோ முறைத்துக்கொண்டிருப்பார்கள். சிப்பாய் என்றால் அப்படித்தான் நிற்பான் என்று ஊரில் நம்பிக்கை. த்யாபின் படமும் அதே மாதிரிதான், ஆனால் முழுப்படம். ஜீப்பின் எண் 1187 பளிச்சென்று தெரிந்தது.

தைசீர் படத்தைச் சட்டம் போட்டு மண்டபத்துக்கு எடுத்துப் போன வாரம்தான், இனிமேல் படம் மட்டும் போதாது, ஆதாரமும் வேண்டும் என்று புது விதி வந்தது. கொண்டுவந்தவர் பெரியப்பா மகன் அபூ ஹாஸிம். அவருடைய தகப்பனார் ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டவர்.

"உங்கப்பா படையிலயா? எனக்குத் தெரிஞ்சு அவரு சந்தையில தர்பூசணிதான வித்தாரு" என்றார் அபூ ஹாஸிம்.

"அது ஓய்வுக்கு அப்புறம்."

"இருபத்தஞ்சு வயசுல ஓய்வா?"

அன்றிலிருந்து தைசீர் ஜீப்பைத் தேடினார். நாலு மாசத்தில், ஊருக்கு வெளியே ஸுவெய்லிம் என்பவருடைய கோழிப் பண்ணையில் அது நின்றது. ஸுவெய்லிம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர். கோழிகளோடு வாழ்கிறவருக்கு அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

"இது யாரு வண்டிங்க?"

"எங்கப்பாவோடது."

"ரொம்ப நாளா இருக்கா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து."

"1187 தானே?"

"எழுதியிருக்கே."

ராணுவ ஏலத்தில் எடுத்திருப்பார்கள் என்று தைசீர் தானாகவே முடிவு செய்து, வண்டியை விலைக்கு வாங்கிக்கொண்டார். முடிவு செய்த பிறகு கேள்வி கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

இஞ்சினுக்குக் கராபெத் ஒரு வழி கண்டுபிடித்தார். தக்காளி ஏற்றும் பழைய லாரி ஒன்றின் இஞ்சினை வாங்கி உள்ளே இறக்கினார். இஞ்சின் உட்கார்ந்தது, பானெட் மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டினார். இன்னொரு விஷயமும் அவருக்குப் புரியவில்லை.

"அபூ ராகான், டயர் தேயல. பெடல் தேயல. ஸ்டியரிங் புதுசு மாதிரி இருக்கு. ஆனா இந்த மட்கார்டுல மட்டும், இதோ இந்த இடத்துல, பெயின்ட் தேஞ்சு தகரம் தெரியுது. யாரோ வருஷக்கணக்கா சாஞ்சு நின்ன மாதிரி."

தைசீர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "அப்பா யோசிக்கறப்ப சாஞ்சுக்கிட்டுதான் யோசிப்பாரு."

"ரொம்ப யோசிச்சிருக்காரு."

"வண்டி பூரா பெயின்ட் அடி. அந்த இடத்தை மட்டும் தொடாதே. அது எங்கப்பா முழங்கை."

இதற்கிடையே ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. த்யாப் என்ற பெயரில் ஓட்டுநர் எவரும் இல்லை, படை எண் இருந்தால் அனுப்பவும் என்றிருந்தது. ரகசியப் பணியாக இருக்கும் என்று நினைத்த தைசீர் இன்னும் விவரமாக எழுதினார். பிறந்த ஊர், தாத்தா பெயர், வெள்ளத்தின் ஆழம் எல்லாம் சேர்த்து. விவரம் சேர்த்ததுதான் வினை. இரண்டாவது பதில் மிகத் துல்லியமாக வந்தது: மேற்படி நபர் ஆள் சேர்ப்புக்கு வந்திருந்தார், தட்டைப் பாதம் காரணமாகச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

தைசீர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பரம்பரைச் சொத்து.

மனைவி இன்ஸாஃப் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"விட்ருங்க. நம்ம வீட்டுச் சுவத்துலயே மாட்டிக்கலாம்."

"அவரு நம்ம வீட்டுச் சுவத்தையா கேட்டாரு?"

"இல்லாததை எப்படி நிரூபிப்பீங்க?"

"ஜீப் இருக்குல்ல?"

"அது ஓடுதா?"

"வெள்ளிக்கிழமை மண்டப விருந்துக்குள்ள ஓடிடும்."

ஓடியது. ஆனால் பின்னால். கிரீஸ் போடுவதற்காகப் பின் அச்சைக் கழற்றிய கராபெத், திரும்ப மாட்டும்போது தலைகீழாக மாட்டிவிட்டார். முன்னே போகிற கியர் எல்லாம் பின்னே போனது; பின்னே போகிற கியர் ஒன்று மட்டும் முன்னே போய், இரண்டடியில் இருமி நின்றது.

"சரி பண்ண எத்தனை நாள்?"

"ரெண்டு நாள்."

"விருந்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு."

"அப்ப மெதுவா போங்க. கழுத்துக்குத் துணி சுத்திக்குங்க, சுளுக்கிக்கும்."

அப்படியாக அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த கூட்டம் வழிவிட்டு நிற்க, 1187 கரக்கின் பெரிய தெருவில் பின்பக்கமாகவே ஏறி வந்தது. தைசீர் தலையை முதுகுப் பக்கம் திருப்பி ஓட்டினார். பக்கத்தில் இன்ஸாஃப், மாமனாரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மண்டப வாசலில் அபூ ஹாஸிம் நின்றிருந்தார். "உங்கப்பா படையில பின்வாங்கற பிரிவுலயா இருந்தாரு?"

தைசீர் அவர் பக்கம் திரும்பப் பார்த்தார். கழுத்து திரும்பவில்லை.

உள்ளே எல்லாரும் மெத்தையில் உட்கார்ந்ததும் ஏலக்காய்க் காப்பி வந்தது. தைசீர் கிண்ணத்தை வாங்கி, வாயில் வைக்காமல் தரையில் வைத்தார். கோரிக்கையோடு வந்தவன் அப்படித்தான் வைப்பான். கோரிக்கை நிறைவேறினால்தான் குடிப்பான். குடிக்காமல் எழுந்து போனால் அவமானம் வீட்டுக்காரருக்கு.

"சொல்லு" என்றார் பெரியவர் மிஸ்லிஹ்.

"எங்கப்பா படம் அந்தச் சுவத்துல ஏறணும்."

அபூ ஹாஸிமும் தன் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "ஏறக்கூடாது. ஏறினா நான் குடிக்க மாட்டேன்."

அவருடைய மைத்துனர் வைத்தார். தைசீரின் சித்தப்பா வைத்தார். பத்து நிமிஷத்தில் தரையில் இருபத்து மூன்று கிண்ணங்கள் ஆறிக்கொண்டிருந்தன. மண்டபத்தில் காப்பி குடித்தவர் ஒரே ஒருவர்தான். வண்டியை விற்ற மரியாதைக்கு அழைக்கப்பட்டிருந்த ஸுவெய்லிம். அவர் மூன்று கிண்ணம் குடித்து, போதும் என்று கிண்ணத்தை ஆட்டிக் காட்டினார். உள்ளே விருந்துச் சோறான மன்சஃபுக்கு வெந்த ஆட்டுக்கறி வாசனை வந்துகொண்டிருந்தது. யாரும் எழ முடியாது.

"காப்பகத்துலேர்ந்து கடிதாசி வந்துச்சா?" என்றார் அபூ ஹாஸிம்.

கடிதம் தைசீரின் சட்டைப் பையில் இருந்தது. "வண்டி வந்திருக்கு. படத்துல இருக்கற அதே வண்டி, அதே நம்பர். இதுக்கு மேல என்ன ஆதாரம்?"

"எங்கப்பா எப்படி நிக்கறாருன்னு பாரு. அதான் சிப்பாய் நிக்கற லட்சணம்."

"எங்கப்பாவும் அப்படித்தான் நிக்கறாரு."

"பாத்துக் கத்துக்கிட்டிருப்பாரு."

மிஸ்லிஹ் கையை உயர்த்தினார். "போதும். இருபத்து மூணு காப்பி ஆறிப்போச்சுன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும். இந்த வண்டிய ஆதியிலேர்ந்து தெரிஞ்சவரு ஒருத்தர் இங்க இருக்காரு. வேத்து ஆளு, யார் பக்கமும் சாய மாட்டாரு. ஸுவெய்லிம், நீங்க சொல்றதுதான் தீர்ப்பு. இந்தப் படத்துல இருக்கறது உங்க வண்டிதானா?"

ஸுவெய்லிம் படத்தை வாங்கிப் பார்த்தார். "ஆமா."

தைசீரின் கை காப்பிக் கிண்ணத்தை நோக்கிப் போனது.

"அவசரப்படாதே" என்றார் அபூ ஹாஸிம். "நின்னதைக் கேக்கல. ஓட்டினாரான்னு கேளுங்க."

ஸுவெய்லிம் எழுந்தார். படத்தைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக நடந்து, ஒவ்வொரு முன்னோராக நின்று பார்த்தார். நடுப்படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார். பிறகு திரும்பினார்.

"யாரைப் பத்திக் கேக்கறீங்க?"

"வளைச்சு வளைச்சுப் பேசாதீங்கய்யா" என்றார் மிஸ்லிஹ், பொறுமை இழந்து. "என் மண்டபம், என் வார்த்தை. உங்களுக்குத் தெரிஞ்சது அத்தனையும், ஒண்ணு விடாம, ஆண்டவனுக்குப் பயந்து சொல்லுங்க."

ஸுவெய்லிமிடம் வாழ்நாளில் எவரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்கப்பாவோட போட்டோ ஸ்டூடியோவுல நின்ன வண்டிங்க இது, இவரு மட்டுமில்ல, சுவத்துல இருக்கற பத்துப் பேரும் இதுலதான் சாஞ்சு நின்னாங்க, ஸ்டூடியோவுல இருந்த ஒரே பட்டாளத்துச் சட்டையத்தான் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டாங்க, நடுவுல இருக்கறவருக்கு மட்டும் அது பத்தல, முதுகுப் பக்கம் கிழிச்சு ஊக்கு குத்திவிட்டது நான்தான்."