ரோஜா ரகத் தேர்வுக் குழு

முதல் கூட்டத்தின்போது அந்தச் செடியில் இலைகள் இருந்தனவா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. என் ஞாபகத்தை முழுதாக நம்ப வேண்டாம். ஆனால் உலகத்தில் வேறெந்த வீட்டிலும் ஒரு ரோஜா இவ்வளவு பொறுப்புடன் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை என்பதை எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

எங்கள் வீட்டு முன்புறம் கொஞ்சம் மண் உண்டு. அதில் நடுவதற்காக என் மனைவி தொட்டியோடு ஒரு ரோஜாச் செடி வாங்கிவந்து, என்னிடம் மண்வெட்டி கேட்டாள். அன்று அவளுடைய அண்ணன் வந்திருந்தார். அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் அவசரப்பட்டு ஒரு முடிவும் எடுக்காதவர்.

"இது என்ன ரகம்?" என்றார்.

"ரோஜாண்ணே."

"ரோஜான்னா ஆச்சா? ஆம்பளைன்னு மட்டும் விசாரிச்சுப் பொண்ணு குடுப்பாங்களா?"

"என்னை அப்படித்தானே குடுத்தீங்க."

மைத்துனர் இதைக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்கினார். ஆம், அதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. அவர் தலைவர், நான் செயலாளர். எதிர்வீட்டுப் பல் மருத்துவர் "நிபுணர்". வேர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும் என்று கருதப்பட்டது.

சிறந்த ரகம் முடிவாகும்வரை மண்ணில் எதையும் நடக்கூடாது என்பது முதல் தீர்மானம். நட்டால், நட்ட செடிக்குச் சாதகமாகிவிடும். நடுநிலை என்றால் இதுதான்.

களத்தைப் பார்க்காமல் முடிவெடுப்பது மைத்துனருக்குப் பிடிக்காது. ஆகவே நாற்காலிகளை அந்த மண்ணிலேயே போட்டுக்கொண்டோம். பரிசீலனைக்கு வந்த ரோஜாப் படங்கள் காற்றில் பறக்காமலிருக்க மனைவியின் தொட்டி பெரிதும் உதவியது.

கொடி ரோஜா மதில் தாண்டும் என்பதால் விசுவாசமற்றது என்று நிராகரிக்கப்பட்டது. கொத்துக் கொத்தாகப் பூப்பது ஆடம்பரம். பெரிய ஒற்றைப் பூ தலைக்கனம். பிறகு முள் பிரச்சினை வந்தது.

"இளசுலயே பிடுங்கிட்டா வலிக்காது," என்றார் மருத்துவர்.

"யாருக்கு டாக்டர்?"

"அதத்தான் அடுத்த கூட்டத்துல பேசணும்."

என் மனைவி வாசல்படியில் வந்து நின்றாள். "என்னங்க, வேர் தொட்டிய முட்டுது. மண்ணுல வைக்கலன்னா செத்துடும்."

"பாத்தியா மாப்ள, வெளி அழுத்தம்," என்றார் மைத்துனர்.

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. மைத்துனர் அதை ஒருமனதான ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

மழை வந்தது. நாற்காலிக் கால்கள் மண்ணில் புதைந்தன. கோணலாக உட்கார்ந்து நேரான முடிவெடுக்க முடியாது என்பதால் மேஸ்திரி வரவழைக்கப்பட்டு, தரை முழுக்க சிமென்ட் போடப்பட்டது.

"செடிக்கு ஒரு குழி விடட்டுங்களா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"எந்த ரகம்னே முடிவாகல. குழி அளவ எப்படிய்யா சொல்றது?" என்றார் மைத்துனர்.

மேஸ்திரி குழி விடாமல் பூசிவிட்டார்.

அன்றுதான் என் மனைவி தொட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். படங்கள் தெருவில் பறந்தன. யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கச் சொல்லித் தீர்மானம் எதுவும் இல்லை.

இப்போது எல்லோரும் நலம். மைத்துனர் தலைவராக நீடிக்கிறார். மருத்துவர் தன் நாற்காலிக்கு மெத்தை போட்டிருக்கிறார். ஆய்வு இறுதிக்கட்டத்தில் இருக்கிறது. செடி பக்கத்து வீட்டு மண்ணில், மதிலுக்கு மேல் தலை தூக்கிப் பூத்திருக்கிறது. மாலை வேளைகளில் என் மனைவி அங்கேதான் இருக்கிறாள். கூட்டம் நடக்கும்போது வாசனையோடு அவள் குரலும் வரும்.

நேற்று அந்த வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எங்க வீட்லயும் மூணு நட்டு வச்சிருக்கோம்க்கா, சிமென்ட்டு மேல. பூக்கவே மாட்டேங்குது."

என்ன ரகம் என்று மைத்துனர் கேட்கவில்லை.