தலைப்பு இல்லாத தண்ணீர்

மதுரைக்கு வடக்கே, அலங்காநல்லூர் போகிற வழியில், வெள்ளைக்காரன் காலத்தில் வாய்க்கால் ஆபீஸ் என்று ஒன்று இருந்தது. வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவது, எப்போது விடாமல் இருப்பது என்று ஆலோசிப்பதற்காக சர்க்கார் அதை ஏற்படுத்தியிருந்தது. இரண்டாவது காரியம் ஒரு குறையும் இல்லாமல் நடந்து வந்தது.

அங்கே அதிகாரி ஸ்ரீமான் பட்டாபிராமன். லஞ்சம் வாங்காதவர், அதட்டாதவர். லீவில் சென்னைக்குப் போன மனிதர், பட்டணத்தை அப்போது பிடித்து ஆட்டிய பிரசங்கக் காய்ச்சலோடு திரும்பி வந்தார். அங்கே தெருவுக்குத் தெரு நாவன்மை வகுப்பாம். எண்ணங்களை வரிசைப்படுத்திக்கொண்டால் எலிகூட சிங்கமாய்ப் பேசுமாம். வந்த மறுநாளே வாசலில் உத்தரவு தொங்கியது:

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இவ்வாபீஸ் எல்லைக்குள் எவரும் தத்தம் எண்ணங்களைத் தலைப்பு, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என முறைப்படுத்திக்கொள்ளாமல் வாய் திறத்தல் ஆகாது."

முதலில் மாட்டிக்கொண்டவர் குமாஸ்தா சீதாராமன். மனைவிக்குப் பிரசவ வலி என்று லீவு கேட்கப் போனார். தாய்மையின் மாண்பை முன்னுரையில் வைத்து, பொருளுரைக்கு வந்து சேர்வதற்குள் ஆண் குழந்தை பிறந்துவிட்டதாக வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. பேசும் பொருள் மாறிவிட்டபடியால் தலைப்பிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கும்படி அதிகாரி அன்போடு கேட்டுக்கொண்டார்.

இந்த நிலவரம் தெரியாமல்தான் கீழமடைப்பட்டி விருமாண்டி அங்கே போய் நின்றான். ஜல்லிக்கட்டில் காளையின் திமிலைப் பிடித்தான் என்றால் விடமாட்டான். பேச்சு மட்டும் அவனுக்கு எண்ணி நாலு வார்த்தைதான் வரும். கீழமடைப்பட்டி, வாய்க்காலின் கடைக்கோடி ஊர். நெல் கதிர் வாங்குகிற சமயத்தில் தண்ணீர் நின்றுபோயிற்று. ஒரு வாரத்துக்குள் மடை திறக்காவிட்டால் ஊர் மொத்தத்துக்கும் மிஞ்சுவது வைக்கோல்தான்.

டவாலிச் சேவகன் தவசி வாசலில் மறித்தான்.

"அண்ணே, தலைப்பு இருக்கா?"

"வாய்க்கால் தலைப்பா? அது மேலமடைக்காரன் வயக்காட்டுப் பக்கமில்ல இருக்கு. நாங்க கடைமடை."

தவசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டதால் உள்ளே விட்டான்.

"தண்ணி விடுங்க சாமி. பயிர் காயுது" என்றான் விருமாண்டி.

பட்டாபிராமன் பல்லில் கல் கடிபட்டவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். "இது முடிவுரையப்பா."

"முடிவுதான் சாமி. இந்த வாரம் தண்ணி வரலைன்னா எங்க முடிவுதான்."

"முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால், அப்புறம் நான் எதற்காக உட்கார்ந்து கேட்பது?"

"நீங்க கேக்கவே வேணாம் சாமி. மடையைத் திறந்தாப் போதும்."

அதிகாரி பொறுமையாக எடுத்துச் சொன்னார். பேச்சு என்பது வாய்க்கால் மாதிரி. தலைப்பில் புறப்பட்டு, தடையில்லாமல் ஓடி, கடைசிவரை போய்ச் சேர வேண்டும்.

"வாய்க்காலும் அப்படித்தான் சாமி இருக்கணும்."

நல்ல உவமை என்று பாராட்டிவிட்டு, வியாழக்கிழமை ஊரோடு வந்து தெளிவாகவும் தைரியமாகவும் பேசச் சொன்னார். மடைச் சாவியை மேஜைமேல் தயாராக வைத்திருப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்.

இப்படியாக விருமாண்டிக்குப் படிப்பு ஆரம்பித்தது. வாத்தியார் சீதாராமன்தான். இரண்டு தடவை முன்னுரை சொன்னவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர். நெஞ்சை நிமிர்த்து, கையை ஆட்டு, நடுவில் கொஞ்சம் நிறுத்து, கூட்டத்தைச் சுற்றிப் பார் என்று சொல்லிக் கொடுத்தார். விருமாண்டி வரப்பில் நின்று காய்கிற பயிரைப் பார்த்துக் கையை ஆட்டினான். வேடிக்கை பார்க்க வந்த ஊருக்கும் அது தொற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சுருளி கடன் சுண்ணாம்பு கேட்டால்கூட வெற்றிலையின் பெருமையில் தொடங்கினான். விருமாண்டியின் பெண்டாட்டி முத்துத்தாய் மட்டும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. கஞ்சியின் சிறப்பு பற்றிப் புருஷன் பேசி முடிக்கிறவரை சட்டியை இறக்காமல் இருந்தாள், அம்புட்டுத்தான்.

வியாழக்கிழமை ஆபீஸ் முற்றத்தில் ஊரே கூடியது. மேஜைமேல் சாவி இருந்தது. விருமாண்டி நெஞ்சை நிமிர்த்தினான்.

"பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, அறிவிற் சிறந்த ஆபீஸ் சான்றோர்களே, எனதருமைக் கடைமடைப் பெருமக்களே."

முதல் கைத்தட்டல் அங்கேயே விழுந்தது. வாடிவாசலில் திமிலைப் பிடித்துத் தொங்குகிறபோது காதில் விழுகிற அதே சத்தம். ஆனால் குத்துப்படுகிற பயம் இல்லை. விருமாண்டி விடவில்லை. பஞ்ச பூதங்களில் தண்ணீரின் இடம் எது என்றான். தண்ணீர் மேடு பார்ப்பதில்லை, பள்ளம் பார்ப்பதில்லை என்றான். நடுவில் கொஞ்சம் நிறுத்தி, கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். பட்டாபிராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அந்த வாரம் அந்த வட்டாரத்தில் கசிந்த ஈரம் அது ஒன்றுதான்.

"இவ்வரிய வாய்ப்பை நல்கிய அதிகாரி அவர்களுக்கு நன்றி கூறி, என் சிற்றுரையை நிறைவு செய்கிறேன்."

தவசி மாலை போட்டான். கடைமடைக் குடியானவர்கள் தண்ணீரின் அருமையை முற்றும் உணர்ந்திருப்பதாகவும், கோரிக்கை எதுவும் தெரிவிக்கவில்லையென்றும் மேலிடத்துக்கு எழுதிவிட்டு, அதிகாரி சாவியைப் பத்திரமாக மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

ஊர்வலம் மேளத்தோடு திரும்பியது. மேடு, பள்ளம் என்ற இடம்தான் பிரமாதம் என்றார்கள் சிலர். கையை ஆட்டிய விதம்தான் என்றான் சுருளி. முத்துத்தாய் வயலில் நின்றிருந்தாள்.

"தண்ணி கேட்டீகளா?"

மேளம் நின்றது. விருமாண்டி சுருளியைப் பார்த்தான், சுருளி வானத்தைப் பார்த்தான். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடிப்போய்ச் சாவியை வாங்கியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"பெருமதிப்பிற்குரிய முத்துத்தாய் அவர்களே" என்று ஆரம்பித்தான்.

ஊர் கைதட்டிவிட்டு வயலிலேயே உட்கார்ந்தது. சேறு இல்லாததால் உட்கார வசதியாக இருந்தது.