செத்தவர்களைக் கூப்பிடும் பம்பைக்காரர்

நெய்வேலியில் செத்தவர்களோடு பேச்சுவார்த்தை வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் பம்பைக்காரர்தான். உயிரோடு இருப்பவர்கள் யாரோடும் அவருக்கு ஒத்துப்போகாது. என் இட்லியோடுகூட ஒத்துப்போகாது. அது தனி வழக்கு.

எங்கள் பக்கத்தில் பம்பைக்காரர் என்றால் இடுப்பில் இரட்டை மேளம் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள், அந்த வீட்டில் செத்தவர்களைத் தண்ணீர்க் கரையில் நின்று அழைப்பவர். செத்தவர் யார் மேலாவது வந்து “நடத்துங்க” என்றால்தான் தாலி.

டவுன்ஷிப்பில் அந்தப் பேருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். ஊசி போடும்போது வீறிடும் குழந்தை பம்பைக்காரன். ஷிப்டு முடிந்து வந்து கத்தும் புருஷனும் பம்பைக்காரன். அவர் போகும் கான்டிராக்ட் வேலையில் சூப்பர்வைசர், “யேய் பம்பை, மண்ண அள்ளு” என்பான். இவர் எல்லாவற்றுக்கும் “வந்தேங்க” என்பார். மழை வந்தால் பம்பைக்கு ரெயின்கோட் போட்டு சைக்கிளில் வைத்துவிட்டு, தான் நனைந்துகொண்டு போவார்.

என் இட்லிக் கடைக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு திருநெல்வேலி அம்மா இருந்தாள். அவள் ஒருநாள் பம்பைக்காரரிடம் கேட்டாள்: “அண்ணாச்சி, செத்துப்போன எங்க அத்தைய கூப்பிட முடியுமா?”

“கூப்பிடலாங்க. திரும்பிப் போவச் சொல்றது ஒங்க பொறுப்பு.”

அவ்வளவுதான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்படி ஊரார் வீட்டுப் பிணங்களை எல்லாம் எழுப்பியவருக்குத் தன் மகள் செல்வி கல்யாணத்தில்தான் வந்தது வினை. அவர் பெண்டாட்டி செத்து வெகுநாள். அவளைக் கூப்பிட வேண்டிய கிணறு, அவர்களுடைய பழைய ஊரோடு சேர்ந்து நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது.

“குழாயடியில கூப்புடுங்களேன்” என்றேன்.

“அவ வரிசையில நிக்க மாட்டா.”

கடைசியில் சுரங்கத்துத் தண்ணீரை இறைத்துவிடும் வாய்க்காலுக்குப் போனார். “எங்க கெணத்து ஊத்தும் இதுலதான் கலந்துகினு வரும்” என்றார். கரையில் அவள் புடவையையும் பூவையும் வைத்து, காலையில் அடிக்க ஆரம்பித்தார். உச்சி வெயில் சாய்ந்தது. தொண்டை கட்டிப்போய்க் குரல் தகரமாகிவிட்டது. ஒருத்தர் மேலும் அவள் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “பெத்தவளுக்கே இஷ்டமில்ல போலிருக்கு. நாங்க கெளம்புறோம்.”

செல்வி அழுதாள். பம்பைக்காரர் நிமிரவே இல்லை, அடித்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தேன்.

“வந்துட்டேன் பம்பைக்காரரே! எம் பொண்ண அனுப்பி வையி! நல்ல எடம்!”

குச்சி ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டு மடங்கு வேகத்தில் அடித்து, என் தலையில் பூ வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா என் காலில் விழுந்தாள். அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் கடைக்கு வந்து, இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

“எம் பொண்டாட்டி என்னைய ஒருநாளும் பம்பைக்காரரேன்னு கூப்புட்டதில்ல.”

சட்னியை ஊற்றிக்கொண்டே கேட்டேன்: “பின்ன எப்பிடி?”

“யோவ்னுதான்.” இன்னொரு துண்டு பிட்டார். “நெசமாவே வருவான்னு இருந்தேன். சரி வுடு. ஆட்டம் நல்லாத்தான் இருந்திச்சி. இட்லிதான் கல்லு.”

அதற்கப்புறம் லீவு நாளில் அவர் சைக்கிள் அந்த வாய்க்கால் பக்கம் நிற்கும். பம்பை கேரியரிலேயே இருக்கும். அவர் சும்மா தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ரெண்டு வருஷத்தில் அவரும் போய்விட்டார். கருமாதிக்கு முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பம்பைக்காரரைக் கூட்டி வந்து அதே கரையில் கூப்பிட்டோம். செல்வி “அப்பா, அப்பா” என்று தொண்டை வற்றக் கத்தினாள். யார் மேலும் வரவில்லை.

எல்லாரும் கிளம்பிய பிறகு நானும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். பம்பைக்காரரே என்று இல்லை.

யோவ் என்று.