மலையைக் கட்டிய கயிறு

கல்லுமலைத் தோட்டத்து மலை பேச ஆரம்பித்து அன்றோடு ஒன்பது நாள்.

இத்தனை வருஷமாக அது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பொகவந்தலாவையிலிருந்து ஓட்டோக்கள் வந்தன. நோட்டன் பிரிட்ஜிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வட்டவளையிலிருந்து வந்த ஒரு குடும்பம், மலை பேசும்போது உட்கார்ந்து கேட்கப் பாயும் ஃப்ளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்திருந்தது. இப்றாஹிம் நானா தன் கடையைப் பாதிக்குப் பாதி பெயர்த்துக்கொண்டு வந்து, கடைசி லயத்துக்குப் பக்கத்தில் தேங்காயும் கற்பூரமும் விற்றார்.

மலை நேராக யாரோடும் பேசவில்லை. நெஞ்சு வரை தாடி தொங்கிய மலைக்கட்டுச் சுவாமிகளோடு மட்டும் பேசியது. சுவாமி மண்ணில் காதை வைத்துப் படுப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, மலை கேட்பதைச் சொல்வார். முதல் நாள் சேவல் கேட்டது. இரண்டாம் நாள் சாராயம். நான்காம் நாள் மலைக்குப் போன் ரீலோட் தேவைப்பட்டது. அதையும் போட்டார்கள்.

பேச்சுக்குக் காரணம் ஒரு வெடிப்பு. போன மாத மழையில், கடைசி லயத்துக்கு மேலே தேயிலைக்குள் நிலம் பிளந்துவிட்டது. ஒரு ஆளின் பாதம் இறங்கும் அகலம். அதற்கு நேர் கீழே அந்த லயத்தின் பன்னிரண்டு வரிசை வீடுகள். முதல் வீடு அம்மாக்கண்ணுவுடையது. கொழுந்தெடுக்கிற அவளும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற புருஷன் வீரய்யாவும், ஐந்து வயது மகள் தனுஷிகாவும் அங்கேதான் படுத்தெழும்புகிறார்கள்.

சுவாமி வருவதற்கு முன்னால் விஞ்ஞானமும் வராமல் இல்லை. விஜிதரன் என்ற அதிகாரி கொழும்பிலிருந்து லப்டொப்போடு வந்தார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் திரை கட்டிப் படம் காட்டினார். "சரிவின் உறுதிநிலைக் காரணி குறைவடைந்துள்ளது. மழைவீழ்ச்சி மில்லிமீற்றரில் எல்லை கடக்கும் பட்சத்தில் நிகழ்தகவு அதிகரிக்கும்" என்று தமிழைப் போலவே இருந்த ஒரு பாஷையில் முக்கால் மணி நேரம் பேசினார். வரைபடத்தில் கடைசி லயத்துக்குச் சிவப்புப் பூசியிருந்தது.

"நம்ம லயந்தான் நல்லா எடுப்பாத் தெரியுது," என்றான் வீரய்யா. எல்லோரும் கை தட்டினார்கள். சிங்களத்தில் அச்சடித்த துண்டுப் பிரசுரம் ஆளுக்கு ஒன்று கிடைத்தது. மறுநாள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது ரொட்டி சுற்ற அளவாக இருந்தது.

சுவாமி அப்படி இல்லை. ஆளுக்குத் தக்கபடி பேசத் தெரிந்தவர். தொழிலாளிகளிடம், "மலைத்தாய் புரண்டு படுக்கப் பாக்குறா. நான் கட்டிப்போட்டுர்றேன் தாயி," என்றார். தோட்டத்து ஆபீஸான கந்தோருக்கு வந்த சிங்கள ஐயாவிடம் சிங்களத்தில் தெய்வத்தைக் கூப்பிட்டார். தோட்டத்துத் துரையிடம், "மௌண்டன் ஸே நோ ப்ராப்ளம் சேர்," என்றார். புது வீடு கட்டுவதைவிடக் கயிறு கட்டுவது மலிவு என்பதால் துரைக்கு அந்த இங்கிலீஷ் உடனே விளங்கியது. சுவாமி ஏறி இறங்க ஜீப் கொடுத்தார்.

வெடிப்பின் இரு கரையிலும் இரும்பு முளை அடித்து, மஞ்சள் அரைத்துப் பூசிய தடித்த கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டி, நடுவில் எலுமிச்சம்பழம் கோத்தார் சுவாமி. "இது அறாத வரைக்கும் மலை அசையல. அறுந்தா ஓடுங்க." வீட்டுக்கு ஒரு நாள் சம்பளம் வாங்கிக்கொண்டார்.

கயிறு அறவில்லை. விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் லயமே ஏறிப்போய்ப் பார்த்துக் கும்பிட்டு வந்தது. தங்கிக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்கூட அதிபர் கொடுத்த சாவி வீரய்யா வீட்டு ஆணியில் தொங்கியது.

"வாய்யா, பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம். புள்ளய வச்சிக்கிட்டு இங்க கெடக்க முடியாது," என்றாள் அம்மாக்கண்ணு.

"கயிறு அறுந்துச்சா?"

"இல்ல."

"பெறகென்னா? சாமிய நம்பாமப் போனோம்னா மலைக்குக் கோவம் வரும். ஒன்னால பன்னெண்டு வீடும் சாகணுமா?"

அம்மாக்கண்ணு மேலே ஏறிப்போனாள். கயிற்றைப் பார்த்தாள். முதல் நாள் பெருவிரல் தடிப்பு. இப்போது சுண்டுவிரல். மஞ்சள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே வெள்ளை தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முன்னால், அம்மாக்கண்ணு தன் மட்டக்கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொழுந்தெடுக்கும்போது செடிகளின் மேல் போட்டு மட்டம் பார்க்கிற நேரான கம்பு அது. வெடிப்பின் இந்தப் பக்கம் ஒரு கட்டை, அந்தப் பக்கம் ஒரு கட்டை அறைந்தாள். இரண்டுக்கும் இடையில் இறுக நிற்கும்படி கம்பை வெட்டினாள்.

"நீயே வையிய்யா. நான் வச்சா நம்ப மாட்ட."

வீரய்யா கம்பை வைத்துக் காலால் மிதித்து இறுக்கினான். அசையவில்லை.

"இது என்னா தாயி, மலைக்குத் தொட்டிலா?" என்று சுவாமி சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

"ஆமாங்க சாமி. ஆடுதான்னு பாக்கத்தான்."

மூன்று நாள் விடாமல் மழை. திங்கட்கிழமை காலை எல்லோரும் ஏறிப்போனார்கள். கயிறு அறவில்லை. அரோகரா போட்டார்கள். அம்மாக்கண்ணு குனிந்தாள். கம்பு கழன்று சேற்றில் கிடந்தது. எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒரு முனை கட்டையைத் தொட்டது. மறுமுனைக்கும் கட்டைக்கும் நடுவில் நாலு விரல் போனது.

கூட்டம் சுவாமியைப் பார்த்தது.

"மலைய அளக்க வந்த கம்பு," என்றார் சுவாமி, கண்ணை மூடிக்கொண்டு. "பயத்துல சுருங்கிப்போச்சு. மழையில நனைஞ்சா மரம் சுருங்காதா?"

"அதானே," என்றது கூட்டம். பயந்து சுருங்கிய கம்பை ஒருத்தி தொட்டுக் கும்பிட்டாள்.

அம்மாக்கண்ணு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏய்யா, மழக்காலத்துல நம்ம வீட்டுக் கதவு லேசாத் தொறக்குமா, இறுகிக்குமா?"

"இறுகிக்கும். நேத்துக்கூட ஒதச்சித்தானே தொறந்தேன்."

"ஏன்?"

"தண்ணி குடிச்சா மரம் ஊதும்ல."

சொல்லிவிட்டு வீரய்யா வாயை மூடவில்லை. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அன்று காலை கதவை உதைத்துவிட்டு வந்தவர்கள்தான். ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கம்பு சுருங்கலங்க," என்றாள் அவள். "நெலம் வெலகியிருக்கு. நெலம் வெலகியும் அறாத கயிறு என்னா கயிறுன்னு பாப்போம்."

"தொடாத, ரெத்தம் கக்கிச் சாவ," என்று சுவாமி குறுக்கே ஓடிவந்தார்.

அவள் நடுவில் பிடித்து இழுத்தாள். கயிறு அவளோடு வந்தது. ஒரு முழம் வந்தது. இரண்டு முழம் வந்தது. கைவிட்டாள். எலுமிச்சம்பழத்தோடு திரும்பிப் பாய்ந்த கயிறு சுவாமியின் நெற்றியில் பளாரென்று அறைந்தது. மலை அவரோடு நேரில் பேசியது அதுதான் முதல் தடவை.

இப்றாஹிம் நானா குனிந்து, மஞ்சள் உதிர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். "தங்கச்சி, இது நம்ம கடைச் சாமானல்லோ. உள்பாவாடைக்குப் போடுற எலாஸ்டிக், சேத்து முறுக்கியிருக்கு. ரெண்டு கிழமைக்கு முந்தி ஒரு டெய்லர் வந்து, மொத்தக் கட்டையும் அள்ளிட்டுப் போனார். அப்ப தாடி இல்லாம இருந்ததால இவ்வளவு நாளும் ஆள மட்டுக்கட்டல்ல." சுவாமியின் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "செல்லசாமி டெய்லர்தானே நீங்க?"

டெய்லர் ஜீப்பைத் தேடினார். துரை அதை அனுப்பியிருக்கவில்லை. நடந்தும் ஓடியும் போனார். தாடி மட்டும் தேயிலைச் செடியில் மாட்டி நின்றது.

அன்று மத்தியானத்துக்குள் பன்னிரண்டு வீட்டுச் சட்டிபானையும் பள்ளிக்கூடத்துக்கு ஏறின. ஆணியிலிருந்த சாவியை வீரய்யாவே எடுத்தான். அம்மாக்கண்ணு மட்டக்கம்பைத் தூக்கிக்கொண்டாள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு மலை இறங்கியது. கடைசி லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. விஜிதரனின் படத்தில் பார்த்த அதே சிவப்பு. தனுஷிகா பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

விஜிதரன் மறுநாள் ஓடிவந்தார். மட்டக்கம்புக் கதையைக் கேட்டார். நாற்பது பக்க அறிக்கையால் முடியாததைச் செய்த அந்தக் கம்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "இதை அடுத்த படத்தில் போடலாம்," என்றார்.

"படம் வேணாங்க ஐயா. வெடிப்பு இருக்கிற எடமெல்லாம் ரெண்டு கட்டையும் ஒரு கம்பும் வச்சிக் குடுங்க. மிச்சத்த எங்க சனம் படிச்சிக்கும்."

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். சாயந்தரம் பள்ளிக்கூட வாசலில் பேச்சு வேறு மாதிரி எழும்பியது. சாமியை அவமானப்படுத்தியதால்தான் மலை இறங்கியதாம். கயிற்றைத் தொடாமல் இருந்திருந்தால் லயம் தப்பியிருக்குமாம். ஹட்டன் பக்கம் இன்னொரு சாமி இருக்கிறாராம். அவர் வெறும் பார்வையாலேயே மலையைக் கட்டுவாராம்.

அம்மாக்கண்ணு ரொட்டி மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"எலாஸ்டிக்க இடுப்புக்குன்னு செஞ்சாங்க. கடேசி வரைக்கும் அறாம அது அதோட வேலையச் செஞ்சிச்சு. கழுத்துக்கு மேல இருக்கிறது அதோட வேலையச் செய்யலன்னா, மலை என்னாங்க செய்யும்?"