பதினோராம் மாடிச் சுவர்

கான்கிரீட்டுக்கு வேண்டுமென்றே பூச்சு பூசாமல் விட்டால் அது கலை. பூச மறந்துவிட்டால் வெறும் கட்டடம். இந்த மாபெரும் உண்மையை உலகுக்கு அறிவித்தது கிளாஸ்கோவில் உள்ள எங்கள் ஓவியக்கூடம்தான். அதில் துணைக் காப்பாளராக இருக்கும் பாக்கியம் பெற்றவன் நான்.

கூடத்தின் வயிற்றுக்குள், நூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஓவியர் தம்பதியின் வீட்டை வரவேற்பறை, படுக்கையறை சகிதம் மறுபடி அமைத்திருக்கிறோம். அங்குள்ள நாற்காலிகளுக்கு ஈரம் ஆகாது. வெளியே மழை எப்படிக் கொட்டினாலும், இயந்திரங்கள் உள்ளே காற்றை உலர்த்திக்கொண்டே இருக்கும்.

செங்கா மெக்லிஞ்சி என்ற அம்மாளும் அவர் கணவர் ராபும் தினமும் மதியம் அந்த வரவேற்பறைக்கு வந்து மணிக்கணக்காக நின்றார்கள். அவர்களுடைய கலைத்தாகம் என்னை உருக்கியது.

"எதை இவ்வளவு ரசிக்கிறீங்க?" என்றேன்.

"காத்தை" என்றார் ராப்.

"எங்க வீடும் உங்களுது மாதிரி கான்கிரீட்தான், தம்பி. பதினோராம் மாடி. சுவரெல்லாம் கறுப்பா பூஞ்சை" என்றார் செங்கா. "இங்க வந்தாத்தான் இந்த மனுஷனுக்கு இருமல் நிக்குது. அந்த மிஷின்ல ஒண்ணு இரவல் குடேன்?"

"அவசரக் கூட்டம்" கூடியது. தலைவர் டாக்டர் ஃபெர்கஸ் கின்னேர்ட் தேநீரில் பிஸ்கட்டை நனைத்தபடி நெகிழ்ந்தார். "கள ஆய்வு" தீர்மானமாயிற்று. லிஃப்ட் ஓடாததால் பதினோரு மாடியும் படியேறினோம்.

சுவரைக் கண்டதும் தலைவருக்குக் கண் கலங்கியது.

"என்ன கறுப்பு! என்ன வீச்சு! எந்தக் காலத்தது?"

"போன குளிர்லேருந்து" என்றார் செங்கா. "மிஷின் எப்ப வரும்?"

"ஒண்ணு இல்லம்மா, நாலு!"

சொன்ன சொல் தவறவில்லை. கட்டடத்தின் சொந்தக்காரர்கள் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். ஆட்கள் போய்ச் சுவரை அறுத்து, சோபா, கெட்டில், திரைச்சீலையோடு கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டில் விழுந்த ஓட்டைக்கு ஒட்டுப்பலகை அடித்துக் கொடுத்தோம், இலவசமாக. "உழைக்கும் மக்களின் இல்லம்" என்று பெயர் சூட்டி, அதைச் சுற்றி நாலு மிஷின்களையும் ஓடவிட்டோம். பூஞ்சை ஒரு புள்ளிகூட உதிரவில்லை.

திறப்பு விழாவுக்குச் செங்கா "சிறப்பு விருந்தினர்". தனியாக வந்தார்.

"ராப் வரலையா?" என்றார் தலைவர்.

"ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. உங்க பலகை வழியா மழை."

"அடடா!" தலைவரின் குரல் தழுதழுத்தது. "அப்ப அவரோட வீட்டுச் செருப்பு சும்மாத்தானே கிடக்கும்? சோபாவுக்குக் கீழ வெச்சா எடுப்பா இருக்கும்."

செங்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தடுப்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, சோபாவில் சாய்ந்து காலை நீட்டினார்.

"இப்பத்தான்யா இது மனுஷன் இருக்கிற வீடா ஆயிருக்கு. நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வந்துடுறேன். யாராவது அந்தக் கெட்டிலைப் போடுங்க!"

இதுவும் நிகழ்ச்சிநிரலில் இருப்பதாக எண்ணிக் கூட்டம் கைதட்டியது. நான் ஏமாறவில்லை. பாரம்பரியத்துக்கு ஆபத்து என்றால் எனக்குக் கை நடுங்காது. காவலர்களை அழைத்தேன், அந்த அம்மாளை அவருடைய வீட்டிலிருந்து பத்திரமாக வெளியேற்றினோம்.